வீட்டிலேயே படிக்க வைக்கும் கிறிஸ்தவத் தாய்மார்களுக்கு: டெல்டாவில் தெம்போடு தொடங்க ஒரு வழிகாட்டி

மயிலாடுதுறை, கும்பகோணம், திருவாரூர் பக்கம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துப் படிப்புச் சொல்லித்தரும் கிறிஸ்தவக் குடும்பங்கள், எனக்குத் தெரிந்தவரை, விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். எனக்கு இதையெல்லாம் சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை. ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கித்தான் தெரிந்துகொண்டேன். இப்போது புதிதாகத் தொடங்கும் தங்கைகள் பாடப் புத்தகத்தைப் பற்றிக் கேட்பதைவிட, "சோர்ந்து போவாம எப்படிக்கா ஓட்டுறீங்க?" என்றுதான் அதிகம் கேட்கிறார்கள்.

ஜெபம் பண்ணும்மா என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் பயத்தில் பாதிக்கு மேல் தாள் சம்பந்தப்பட்டது. பிள்ளை பத்தாவது எழுத முடியுமா, சான்றிதழ் செல்லுமா, யாராவது வந்து கேட்டால் என்ன சொல்வது என்ற பயத்தை மடியில் கட்டிக்கொண்டு முழங்கால் போட்டால், ஜெபமும் அதே புலம்பலாகத்தான் போகும். அதனால் என் வரிசையில் முதலில் தாள்கள், அப்புறம் தேர்வும் செலவும், அப்புறம் ஆட்கள், அதற்குப் பிறகே ஜெப நேரம். சில ஐயரம்மாக்களுக்கு, அதாவது போதகரின் மனைவிமாருக்கு, இந்த வரிசை பிடிக்காது. பரவாயில்லை.

1. சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அபராதமோ சிறையோ அந்தச் சட்டத்தில் இல்லை. வீட்டுக் கல்வியை அனுமதிக்கும் பிரிவும் இல்லை, தடுக்கும் பிரிவும் இல்லை. "முழுக்க சட்டப்படி சரி" என்று சொல்பவரையும் நம்பவேண்டாம், "போலீஸ் வரும்" என்று மிரட்டும் மாமாவையும் நம்பவேண்டாம்.

இதே சட்டத்தின் 4-ஆம் பிரிவைப் படித்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. பள்ளிக்குப் போகாமல் இருந்த பிள்ளை, வயதுக்கு ஏற்ற வகுப்பில் எப்போது வேண்டுமானாலும் சேரலாம். வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பவும் கூடாது, அது 14-ஆம் பிரிவு. உங்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனாலோ, வீட்டு நிலைமை மாறினாலோ, ஊரிலிருக்கும் அரசுப் பள்ளிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்க்கலாம். திரும்பும் வழி இருக்கிறது என்று தெரிந்தால் அன்றாடம் பாதிக் கனம் குறையும்.

வருடா வருடம் பள்ளி செல்லாப் பிள்ளைகள் கணக்கெடுப்பு நடக்கும். ஆசிரியர்களோ வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியப் பயிற்றுநரோ வீடு தேடி வருவார்கள். கதவைப் பாதி திறந்து வைத்துப் பேசாதீர்கள். "வாங்க டீச்சர், உட்காருங்க" என்று மோர் கொடுத்து, பிள்ளையின் நோட்டுகள், கால அட்டவணை, வாசிக்கும் புத்தகங்கள் எல்லாவற்றையும் முன்னால் வையுங்கள். அவர்களுக்கு ஒரு படிவம் நிரம்பவேண்டும், அவ்வளவுதான். வசனம் சொல்லி வாதாட அது இடமில்லை. பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதிக்கச் சொல்லும் உபாகமம் 6:7 உங்களுக்குப் போதும். வந்தவரின் மேலதிகாரிக்குப் போதாது.

2. பள்ளியிலிருந்து எடுப்பதாக இருந்தால் மே மாதத்தில் எடுங்கள்

ஆண்டுத் தேர்வு முடிந்து ஜூனில் பள்ளி திறப்பதற்குள் டி.சி. வாங்கிவிடுங்கள். நடு ஆண்டில் எடுத்தால் கேள்வியும் அதிகம், பள்ளியின் முகமும் கோணும். வாங்க வேண்டியவை: டி.சி., கடைசி ஆண்டு மதிப்பெண் அட்டை, எமிஸ் எண் (அரசின் பள்ளிக் கல்வித் தகவல் தொகுப்பில் பிள்ளைக்கு உள்ள எண்). டி.சி.யில் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, சாதி ஆகிய நான்கையும் அங்கேயே நின்று சரிபாருங்கள்.

டி.சி. கொடுத்ததும் பள்ளி உங்கள் பிள்ளையை எமிஸில் "காமன் பூல்" என்ற பொதுத் தொகுப்புக்கு மாற்றும். அங்கே பெயர் இருக்கும்வரை "எந்தப் பள்ளியில் சேர்த்திருக்கீங்க?" என்று வட்டார அலுவலகத்திலிருந்து போன் வரும். பதறவேண்டாம், வீட்டில் படிக்கிறான் என்று உள்ளதைச் சொல்லுங்கள். இல்லாத பள்ளியின் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த போனுக்குப் பயந்துகொண்டிருக்கும் ஒரு அம்மாவை எனக்குத் தெரியும்.

எங்களிடம் ஒரு மெட்ரிக் பள்ளி, அடுத்த பருவக் கட்டணத்தையும் கட்டினால்தான் டி.சி. என்றது. வாய்ப்பேச்சை விட்டுவிட்டு, விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துக் கேட்டோம். அதற்குப் பிறகு கட்டணப் பேச்சே வரவில்லை.

3. ஞானஸ்நானப் பெயரும் பிறப்புச் சான்றிதழும்

கிறிஸ்தவ வீடுகளில் அதிகம் சிக்கல் வரும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பெயர் "அபினேஷ்". ஞானஸ்நானப் பதிவேட்டில் "சாமுவேல் அபினேஷ்". ஆதாரில் அப்பாவின் இனிஷியல் பின்னால், ரேஷன் கார்டில் முன்னால். பள்ளியில் இருக்கும்வரை யாரும் கவனிக்க மாட்டார்கள். தனியாகத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது எல்லாம் ஒரே எழுத்தில் இருக்கவேண்டும்.

ஞானஸ்நானச் சான்றிதழைக் காட்டினால் போதும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது சபைக்குப் போதும். அரசுத் தேர்வுக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் வேண்டும். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை அதுவே பிறந்த தேதிக்கான சான்று. சான்றிதழில் பெயரே ஏறாமல் இருந்தால், பிறந்த ஓராண்டுக்குள் கட்டணமில்லாமலும், அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரையிலும் பதிவு செய்யலாம். ஏற்கெனவே ஏறிய பெயரை மாற்றுவது பெரிய வேலை, அரசிதழ் வரை போகும். என் யோசனை: பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரையே பிடித்துக்கொண்டு ஆதாரை அதற்கு ஏற்றபடி திருத்துங்கள். சாமுவேல் ஆலயப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கட்டும்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் ரூ.60 கட்டணம். பெற்றோரின் சாதிச் சான்றிதழ் அல்லது டி.சி., குடும்ப அட்டை, ஆதார், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் கொண்டு போங்கள். கிறிஸ்தவ ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வருவார்கள். எஸ்.சி. கட்டணச் சலுகை என்று விண்ணப்பத்தில் டிக் செய்துவிட்டால் பிறகு சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டும்.

எப்போது விண்ணப்பிப்பது? ஜூனில் இ-சேவை மையத்தில் கால் வைக்க இடமிருக்காது. நவம்பரில் வி.ஏ.ஓ. பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் கொடுத்துக்கொண்டிருப்பார், மழை அதிகமானால் பயிர்ச் சேதக் கணக்கெடுப்பும் சேர்ந்துகொள்ளும். அறுவடை தொடங்கிவிட்டால் கொள்முதல் நிலையத்துக்கு நெல் போட வருபவர்கள் அவரைச் சுற்றி நிற்பார்கள். ஆகஸ்ட், செப்டம்பர் நல்ல மாதங்கள்.

4. எந்தத் தேர்வு என்பதைப் பிள்ளைக்குப் 11 வயதாகும்போதே முடிவு செய்யுங்கள்

இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, மாநில அரசின் தனித்தேர்வர் வழி. பன்னிரண்டரை வயது நிறைந்தால் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு, அதில் தேறி பதினான்கரை நிறைந்தால் பத்தாம் வகுப்பு. கட்டணம் மிகக் குறைவு, எட்டாம் வகுப்புக்கு ரூ.200-ஐ ஒட்டித்தான் வரும். பத்தாவதுக்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாக முன்கூட்டியே பெயர் பதியவேண்டும். அதைத் தவறவிட்டவர்கள்தான் இந்த வழியில் அதிகம். அறிவிப்பு நாளிதழில் வரும், விண்ணப்பிக்கக் கிடைப்பது சில நாட்கள்தான். அரசுத் தேர்வுகள் துறையின் சேவை மையத்துக்கு நேரில் போய்ப் பதியவேண்டும். நாள் கடந்தால் தத்கால் கட்டணம் கூடுதல்.

இரண்டாவது, என்.ஐ.ஓ.எஸ். என்னும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. பத்தாவதுக்கு 14 வயது நிறைந்திருந்தால் போதும். எட்டாவது சான்றிதழ் இல்லாவிட்டால் பிள்ளையால் படிக்க முடியும் என்ற சுய உறுதிமொழியை ஏற்கிறார்கள். தமிழ் வழியிலும் எழுதலாம். ஐந்து பாடம், அதில் ஒன்றாவது மொழிப் பாடம். சேர்க்கை ஐந்து ஆண்டு செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. ஒரே மூச்சில் எழுதவேண்டியதில்லை, இரண்டு பாடம் இப்போது, மூன்று அடுத்த முறை என்று பிரித்துக்கொள்ளலாம். அம்மாவே ஆசிரியராக இருக்கும் வீட்டுக்கு இது பெரிய நிம்மதி.

இங்கே கவனிக்க வேண்டியவை: சேர்க்கைக் கட்டணம் வேறு, தேர்வுக் கட்டணம் வேறு. முதலாவதைக் கட்டிவிட்டு ஹால் டிக்கெட்டுக்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் எழுதி அனுப்பும் ஒப்படைப்புக்கு 20 சதவீத மதிப்பெண், அதன் கடைசித் தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். பொதுத் தேர்வு ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று இரண்டு முறை வரும். டெல்டாக்காரர்கள் ஏப்ரலைத் தேர்ந்தெடுங்கள். ஐப்பசி மழையில் வேதாரண்யத்திலிருந்தோ சீர்காழியிலிருந்தோ வெளியூர் மையத்துக்குப் பிள்ளையைக் காலையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது யாருடைய கையிலும் இல்லை. "பாஸ் உறுதி" என்று பல ஆயிரம் கேட்கும் ஏஜென்ட்களிடம் போகாதீர்கள், விண்ணப்பத்தை நீங்களே இணையத்தில் நிரப்பலாம்.

மாநில அரசு வேலைதான் குறி என்றால், என்.ஐ.ஓ.எஸ். சான்றிதழை இணையாக ஏற்பது பற்றிய அரசாணையைச் சேரும் முன் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். பிள்ளை உள்ளூர் அரசுப் பள்ளியில் பதினொன்றாவது சேர விரும்பினால் முதல் வழியே நேர்வழி.

5. செலவுக் கணக்கு

பாடப் புத்தகம் பெரிய செலவே இல்லை. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் இணையத்தில் இலவசம், அச்சுப் பிரதியும் மலிவு. கல்வித் தொலைக்காட்சி காசில்லாமல் கிடைக்கிறது. கிளை நூலக உறுப்பினர் கட்டணம் சொற்பம். என்.ஐ.ஓ.எஸ். பத்தாவதுக்குச் சேர்க்கை, தேர்வு எல்லாம் சேர்த்து ரூ.3,500-ஐ ஒட்டி வரும், பெண் பிள்ளைகளுக்குச் சேர்க்கைக் கட்டணம் குறைவு.

காசு போவது வெளிநாட்டுக் கிறிஸ்தவப் பாடப் பெட்டிகளில்தான். படம் அழகாக இருக்கும், ஒவ்வொரு பக்கத்திலும் வசனம் இருக்கும், பனிமனிதன் செய்வது எப்படி என்றும் இருக்கும். அதை முடித்த பிறகும் நம் ஊர்ச் சான்றிதழுக்கு மேலே சொன்ன இரண்டு தேர்வில் ஒன்றை எழுதியே ஆகவேண்டும். வாங்கியே தீரவேண்டுமென்றால் வாசிப்புப் புத்தகமாக ஒன்றிரண்டு வாங்குங்கள்.

கையை விட்டுப் போகும் செலவைவிட, கைக்கு வராமல் போகும் தொகையையும் எழுதிப் பாருங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைக்குக் கல்லூரியில் மாதம் ரூ.1,000 புதுமைப்பெண் திட்டத்தில் கிடைக்கும், ஆண் பிள்ளைக்குத் தமிழ்ப் புதல்வன். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கே. இவை உங்கள் பிள்ளைக்குக் கிடைக்காது. கணவரோடு உட்கார்ந்து இதைப் பேசிவிட்டுத் தொடங்குங்கள். பின்னால் மாமியார் வாயிலிருந்து தெரியவந்தால் கசப்பு அதிகம்.

6. ஆட்களைத் தேடுங்கள், இருவர் போதும்

வீட்டுக் கல்வி நடத்தும் இன்னொரு கிறிஸ்தவத் தாயையே தேடிக்கொண்டிருந்தால் டெல்டாவில் வருஷக்கணக்காகத் தனியாக இருப்பீர்கள். உங்களுக்கு வேண்டியது, வாரம் ஒருமுறை "இந்த வாரம் எப்படிப் போச்சு?" என்று கேட்டு, பதிலுக்குப் புத்தி சொல்லாமல் ஜெபிக்கும் ஒருவர். அவர் ஓய்வுபெற்ற டீச்சராக இருந்தால் இரட்டை லாபம். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் பெண்கள் ஐக்கியச் சங்கம், கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம், பெந்தெகொஸ்தே சபைகளில் சகோதரிகளின் உபவாசக் கூட்டம் என்று கூடும் இடங்கள் எல்லா ஊரிலும் உண்டு. உங்கள் சபைக்குள் மட்டும் தேடாதீர்கள். எனக்கு அதிகம் தோள் கொடுத்தவர் வேறு சபைக்காரர், வீட்டுக் கல்வி சரிவரும் என்று இன்றைக்கும் நம்பாதவர்.

இரண்டாவது ஆள், பிள்ளைகளை மாதம் ஒரு பகல் பார்த்துக்கொள்பவர். அத்தையோ சித்தியோ பக்கத்து வீட்டுக்காரரோ யாராக இருந்தாலும் நாளை முன்னதாகவே குறித்துவிடுங்கள். "முடியும்போது வாங்க" என்று சொன்னால் அந்த நாள் வரவே வராது.

போதகரையும் முதலிலேயே போய்ப் பாருங்கள். பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்த செய்தி அவருக்கு ஊர்வாய் வழியாகப் போகக்கூடாது. போகும்போது ஒரு கோரிக்கையோடு போங்கள்: ஞாயிறு பள்ளியில் ஒரு வகுப்பு எடுக்கிறேன், மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு உதவுகிறேன் என்று. உங்கள் பிள்ளைக்கு நாலு பிள்ளைகளோடு பழகும் இடம் கிடைக்கும், "ஒளிச்சு வச்சு வளக்குறா" என்ற பேச்சும் அடங்கும்.

சபையார் கொண்டுவரும் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடும் அறுப்பின் பண்டிகை வந்தால் விடாதீர்கள். ஆலய வாசலில் ஏலம் தொடங்கும்போது பிள்ளை கையில் நோட்டைக் கொடுத்து உட்காரவையுங்கள். ஐம்பதில் தொடங்கிய பரங்கிக்காய், இரண்டு மாமாக்களின் வீம்பில் நானூறைத் தாண்டும். யார், என்ன பொருள், எவ்வளவு, சந்தை விலையைவிட எத்தனை அதிகம் என்று அவன் எழுதிக்கொண்டே வருவான். என் பிள்ளைக்குக் கழித்தல் பிடித்துப்போனது அங்கேதான். ஏலக் கணக்கை எழுதும் மூப்பர் அடுத்த ஆண்டு அவனைத் தேடுவார்.

தவிர்க்கவேண்டியவர்களும் உண்டு. விசுவாசம் இருந்தால் தேர்வு எதற்கு, சான்றிதழ் எதற்கு என்று சொல்பவர்கள் ஒரு வகை. அவர்களுடைய சொந்தப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுக் காதுகொடுங்கள்.

7. ஜெபத்துக்கும் வேத வாசிப்புக்கும் சிறிய அளவு வையுங்கள்

கைப்பிள்ளை வைத்திருப்பவர் காலை நான்கு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் தியானிக்க முடியாது. முடியவில்லையே என்ற குற்ற உணர்வுதான் மிஞ்சும். நீதிமொழிகளில் 31 அதிகாரம், அன்றைய தேதி எதுவோ அந்த அதிகாரம். ஒருநாள் விட்டுப்போனால் பிடித்துச் சேர்க்கவேண்டியதில்லை, மறுநாள் மறுதேதி. சங்கீதம் 150, நாளுக்கு ஐந்து என்றால் ஒரு மாதம், ஒன்று என்றால் ஐந்து மாதம். எது முடியுமோ அது.

பிள்ளைகளோடு ஜெபம் பாடத்துக்கு முன் பத்து நிமிடம். தரங்கம்பாடி, தஞ்சை மிஷன் காலத்துக் கீர்த்தனை ஒன்றை மாதம் முழுக்கப் பாடுங்கள், தமிழ்ப் பாடமும் அதிலேயே கொஞ்சம் முடியும். வசனம் எழுதுவதைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். இம்போசிஷன் எழுதிய வசனத்தை எந்தப் பிள்ளையும் ஆசையாகத் திறக்காது.

நீங்களே நொந்துபோயிருக்கும் நாளில் 1 இராஜாக்கள் 19-ஐ எடுத்து வாசியுங்கள். சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்ட எலியாவைத் தூதன் எழுப்பி, கண்டிக்கவில்லை, அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுத் திரும்பவும் படுத்தார். இரண்டாம் முறையும் சாப்பாடுதான் வந்தது. அன்று மதியம் பாடத்தை மூடிவிட்டுச் சாப்பிட்டுப் படுப்பதற்கு இதைவிட நல்ல அனுமதி எனக்குக் கிடைக்கவில்லை.

8. ஆண்டை நம் ஊர்க் காலத்தோடு பொருத்துங்கள்

கடினப் பாடங்களுக்கு ஜூன் முதல் செப்டம்பர். வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை, அந்த நாட்களில் நாகைப் பக்கம் பஸ் பயணம் வைக்காதீர்கள். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை மழையும் கரண்ட் இல்லாத பகலும் இருக்கும், அப்போது வாசிப்பு, எழுத்து, கைவேலை. டிசம்பர் பாதிக்கு மேல் கிறிஸ்துமஸ் வேலையோடு பாடம் நடத்தப் போராடவேண்டாம், விட்டுவிடுங்கள். தரங்கம்பாடி ஒருநாள் பயணத்துக்கு ஜனவரி, பிப்ரவரி சரி: 1718-ல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயம், உள்ளே லுத்தரன் மிஷனரி சீகன்பால்குவின் கல்லறை, நடக்கும் தூரத்தில் டேனியக் கோட்டை, எதிரே கடல். மயிலாடுதுறையிலிருந்து போய் மாலைக்குள் திரும்பிவிடலாம்.

9. சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால்

தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிள்ளை கூப்பிட்டாலே எரிச்சல், அழுகை நிற்கவில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அதை விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்ல விடாதீர்கள். 14416 டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், இலவசம், தமிழில் பேசுவார்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மற்ற மாவட்டங்களில் அரசுத் தலைமை மருத்துவமனையில் கேளுங்கள். புறநோயாளிப் பிரிவு காலையில்தான் நடக்கும், எட்டு மணிக்கே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். பிள்ளைகளை அந்த இரண்டாவது ஆளிடம் விட்டு, எப்போதிலிருந்து தூக்கமில்லை, ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகும்.